13 மதிப்பெண்ணில் கைநழுவிய சி1: மூவெட் மறுதேர்வுக்கு எப்படித் தயாராவது?

செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். நான் இடைநிலைப்பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஆங்கில ஆசிரியர்கள், மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் சி.இ.எஃப்.ஆர். என்னும் ஐரோப்பிய அளவுகோலில் சி1 நிலையை எட்டியிருக்க வேண்டும் என்பது, மலேசியக் கல்வி அமைச்சின் 2015–2025 ஆங்கிலமொழிக் கல்விச் சீரமைப்புத் திட்டத்திலேயே சொல்லப்பட்டதுதான். எனக்கு அது புதிய செய்தியன்று. பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக நான் மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) எழுதியபோது மொத்த மதிப்பெண் 300. கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலைக்கு 45தான். வாசிப்புக்கு மட்டும் 120 இருந்ததால், வாசித்தே பேண்ட் 4 என்னும் தரநிலையை வாங்கிவிட்டேன். இப்போதைய அமைப்பில் நான்கு தாள்களுக்கும் ஆளுக்கு 90, மொத்தம் 360.

சென்ற வாரம் முடிவு வந்தது. கேட்டல் 78, வாசிப்பு 81, எழுத்து 62, பேச்சு 60. கூட்டினால் 281. சி1க்கு இணையான பேண்ட் 5 தொடங்குவது 294இல். எனக்குக் கிடைத்தது 4.5, அதாவது சி1க்கு ஒரு படி கீழேயுள்ள பி2. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) மாணவர்கள் எட்ட வேண்டும் என்று எந்த நிலையை நான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேனோ, அதே நிலையில் நானும் நிற்கிறேன்.

மதிப்பெண்ணைவிட என்னை உறுத்துவது பேச்சுத் தேர்வு நடந்த விதம். குழுவில் நான்கு பேர். மற்ற மூவரும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் நான் மூன்றாம் படிவத்தில் கற்பித்த மாணவன். சிறு நகரங்களிலேயே இளைஞர்களைத் தங்கவைக்க எது சிறந்த வழி என்பது தலைப்பு. அறைக்குள் நுழைந்ததும் அவன் எழுந்து "குட் மார்னிங், டீச்சர்" என்றான். தேர்வாளர்கள் இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் நாக்கு என்னுடையதாக இல்லை. அவன் "ஷீ டோன்ட்" என்று ஓரிடத்தில் சொன்னான், பன்மையை இரண்டு இடங்களில் விட்டான். ஆனாலும் பேச்சு அவன் கையில் இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் இதற்கென்று வகுப்பு எதுவும் இல்லை. அடுத்த அமர்வுக்குப் பதிவு செய்யப் போகிறேன். இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டுமா, வேறு வழி உண்டா என்று எழுதியவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழைய கரும்பலகை (கோலகங்சார்)
ஞாயிறு, இரவு 11.05

மகளே, வருந்த வேண்டாம். நான் ஆங்கிலவழிப் பள்ளியின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவன். 1970இல் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக அந்தப் பள்ளிகள் மலாய்வழிக்கு மாறியபோது, எங்களுக்குப் பின்னால் கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. எங்களுக்கு ஆங்கிலம் வந்தது இலக்கணத்தாலும், நாளேட்டின் தலையங்கத்தை நாள்தோறும் கையால் படியெடுத்ததாலும்தான். நீங்களும் தினம் ஒரு தலையங்கத்தைப் படியுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி பாருங்கள். தவறிய இலக்கண விதியைப் பத்து முறை எழுதுங்கள். 13 மதிப்பெண் பெரிய தொகையன்று.


சுண்ணாம்பு மலை (ஈப்போ)
திங்கள், காலை 6.15

நான் மூன்றாவது முயற்சியில்தான் பேண்ட் 5ஐத் தொட்டேன். ஆகவே ஐயா சொல்வதிலிருந்து கொஞ்சம் விலகிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் கேட்டலும் வாசிப்பும் சேர்ந்து 159. அவை அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொண்டால், எழுத்தும் பேச்சும் சேர்ந்து 135 தர வேண்டும். இப்போது தருவது 122. அப்படியானால் எழுத்தில் ஆறும் பேச்சில் ஏழும் கூடினால் போதும். இதைச் சொல்வது ஆறுதலுக்காக அல்ல. வாசிப்புக்கும் கேட்டலுக்கும் வாரம் ஒரு பழைய தாளுக்கு மேல் நேரம் கொடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஆசிரியர்களாகிய நாம் நமக்கு நன்றாக வருகிற தாளையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்வோம். முதல் இரண்டு முறையும் நான் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது செய்தி சற்றுக் கசப்பானது. இரண்டாம் முறை தவறியபோது, என் வகுப்பு ஒன்றைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, மாலையில் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டேன். "ஓகே, கிளாஸ்", "குட்", "எனி அதர் ஆன்ஸர்?", "லுக் அட் பேஜ் தர்ட்டி": இவைதாம் என் ஆங்கிலம். "ஓகே" எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பத்து நிமிடத்திலேயே கணக்கை விட்டுவிட்டேன். ஆறேழு சொற்களுக்கு மேல் போன வாக்கியம் அரிதாகவே இருந்தது. "ஆல்தோ" என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். நான் கேட்ட கேள்விகள் அனைத்தும் எனக்கு முன்பே விடை தெரிந்த கேள்விகள்.

பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்று நாம் சொல்லைச் சுருக்குகிறோம், வாக்கியத்தை வெட்டுகிறோம், மூன்று முறை திருப்பிச் சொல்கிறோம். அது நல்ல ஆசிரியர் செய்ய வேண்டிய வேலைதான். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் நம்மோடு பெரியவர்களுக்குரிய ஆங்கிலம் பேச வேறு ஆளில்லாதபோது, பதினொரு ஆண்டுகளில் அந்த வெட்டிய மொழியே நம் மொழியாகிவிடுகிறது. பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபோது உங்களுக்கு இருந்த ஆங்கிலம் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியதாக இருந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அதே பழக்கம் தேர்வறைக்குள்ளும் நம்மோடு வருகிறது. யாராவது ஒன்றைச் சொன்னால் நாம் "குட் பாயிண்ட்" என்று மதிப்பிட்டுவிட்டு, "வாட் அபவுட் யூ?" என்று அடுத்தவரிடம் பந்தைத் தள்ளிவிடுகிறோம். வகுப்பில் அது பண்பு. தேர்வாளருக்கோ, இவரிடம் சொந்தக் கருத்து எதுவும் இல்லை என்றுதான் அது தோன்றும். ஒருவர் சொன்னதில் ஒரு பாதியை ஏற்று, மறு பாதியை மறுத்து, மறுத்ததற்குக் காரணம் கொடுத்து, அந்தக் காரணத்துக்கு ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் வரை போகும் கலந்துரையாடலில் இப்படி மூன்று முறை செய்தாலே நிறைய ஆகும்.

நீங்கள் தலையாட்டிக்கொண்டிருந்ததாக எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான்.


செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்)
செவ்வாய், இரவு 9.40

சார், நீங்கள் சொன்னபடியே இன்று இரண்டாம் படிவ வகுப்பை ஒலிப்பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து, பின்கட்டில் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னம்மா, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கே" என்றார். மொழி தெரியாதவருக்கே அது கேட்டுவிட்டது.

ஓர் ஐயம். தனியாகப் பேசும் பகுதியில், 2 நிமிடம் யோசித்து 2 நிமிடம் பேச வேண்டிய இடத்தில், எனக்கு ஒன்றேகால் நிமிடத்திலேயே சரக்குத் தீர்ந்துவிடுகிறது. மூன்று கருத்துகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு கடிகாரத்தைப் பார்க்கிறேன். கருத்துகளை ஐந்தாக்க வேண்டுமா?


சுண்ணாம்பு மலை (ஈப்போ)
செவ்வாய், இரவு 10.30

வேண்டாம், இரண்டாகக் குறையுங்கள். மூன்று கருத்தைத் தலைக்கு 25 விநாடியில் சொன்னால் அது பட்டியல். ஒரு கருத்தைச் சொல்லி, ஏன் என்று சொல்லி, அது நடந்த ஓர் இடத்தைக் காட்டி, அப்படி நடக்காமலும் போகலாம் என்ற விதிவிலக்கையும் ஒப்புக்கொண்டால் ஒரு நிமிடம் தானாக ஓடிவிடும். "இஃப்", "அன்லெஸ்", "ஈவன் தோ" எல்லாம் அந்த விதிவிலக்கைச் சொல்லும்போதுதான் வாயில் வரும். சி1 தேடுகிற வாக்கிய வகைகள் அங்கேதான் பிறக்கின்றன. வெறும் பட்டியலில் "அண்ட்", "ஆல்ஸோ" மட்டும்தான் வரும்.

உங்கள் தாயாருக்கு என் வணக்கம். அவருக்கு நல்ல காது.


மூன்றாம் டிவிஷன் (சுங்கை சிப்புட்)
புதன், மாலை 5.10

அக்கா, நானும் சுங்கை சிப்புட்தான். ஆங்கிலத்தில் பட்டம் முடித்துவிட்டு இடைக்கால ஆசிரியராக வேலை பார்க்கிறேன். எனக்கும் மூவெட் எழுத வேண்டியிருக்கிறது. என் சிக்கல் வேறு. பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர், "நீ தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறாய், ஆங்கிலத்தில் யோசி" என்று ஒவ்வொரு கட்டுரையிலும் சிவப்பு மையில் எழுதுவார். ஆங்கிலத்தில் யோசிப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. வீட்டில் தமிழ், கடையில் மலாய், கைப்பேசியில் மூன்றும் கலந்து. எந்த மொழியில் யோசிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு (இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முந்திய ஓராண்டு வகுப்பு) வழியாக வந்தவர்களுக்கு இது நிரந்தரக் குறையா?


கிராணி வீட்டுப் பேரன் (தஞ்சோங் மாலிம்)
புதன், இரவு 11.50

குறையே அன்று. "ஆங்கிலத்தில் யோசி" என்பது, நீந்தத் தெரியாதவனிடம் "மிதந்துகொள்" என்று சொல்வதைப் போன்ற அறிவுரை. நான் மொழியியல் படிப்பவன். உங்களைப் போன்றவர்கள் எழுதியதை நாள் முழுவதும் பார்ப்பவன். தமிழ் எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த நான்கைந்து இடங்களில் மட்டும் விழித்திருந்தால் போதும். மற்ற நேரத்தில் எந்த மொழியில் வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம் பெயருக்கு முன்னால் வரும் "த", "எ" என்னும் சிறு சொற்கள் (ஆர்ட்டிக்கிள்). தமிழில் அவற்றுக்கு நேர் இணை இல்லாததால், நாம் விதியை மனப்பாடம் செய்துவிட்டு எழுதும்போது மறந்துவிடுகிறோம். விதியை விட்டுவிட்டு ஒரு காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை படிப்பதற்காகப் போவது "டு ஸ்கூல்". அதே பிள்ளையின் அப்பா, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்காகப் போவது "டு த ஸ்கூல்". பிள்ளை போவது பள்ளி என்னும் செயலுக்கு. அப்பா போவது அந்தக் கட்டடத்துக்கு. மருத்துவமனை, சிறை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இதே வேறுபாட்டைப் பொருத்திப் பார்க்கலாம்.

இரண்டாவது இடம் வாக்கியத்தைக் கட்டும் முறை; சி1க்கும் பி2க்கும் நடுவிலுள்ள சுவர் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். "அம்மா விடியுமுன் எழுந்து, தேநீர் போட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் மரம் வெட்டப் போனார்." அழகான வாக்கியம், ஒரே முற்றுவினை. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் "ஷீ வோக் அப் அண்ட் மேட் டீ அண்ட் டைட் த லேம்ப் அண்ட் வென்ட்" என்று "அண்ட்" போட்டு ஒட்டுகிறோம். அல்லது பயந்துபோய் நான்கு குட்டி வாக்கியங்களாக உடைக்கிறோம். ஆங்கிலமும் கோக்கும், ஆனால் கோப்பதற்கு அதனிடம் வேறு நூல்கள் உண்டு: "பிஃபோர்", "ஹேவிங்", "வித் எ லேம்ப் டைட் டு ஹெர் ஹெட்". ஒரே தமிழ் வாக்கியத்தை எடுத்து மூன்று வகை ஆங்கில வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். தினமும் ஒரு வாக்கியம் போதும்.

பெயரெச்சமும் இப்படித்தான். "நேற்று மழையில் நனைந்துகொண்டே வந்த பையன்" என்று தமிழ் எல்லாவற்றையும் பெயருக்கு முன்னால் அடுக்கும். ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு "ஹூ" என்று தொடரும். இந்தத் திசைமாற்றம் களைப்பைத் தருவதால்தான் நம் பிள்ளைகள் அந்த வகை வாக்கியத்தையே தவிர்க்கிறார்கள். தவிர்த்தால் தவறு வராது, மதிப்பெண்ணும் வராது.

சொற்சேர்க்கை மூன்றாவது. நமக்குப் "பலத்த மழை". ஆகவே "ஸ்ட்ராங் ரெயின்" என்று கை எழுதிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு மழை கனமானது, காற்றுத்தான் வலியது: "ஹெவி ரெயின்", "ஸ்ட்ராங் விண்ட்". "டிஸ்கஸ் அபவுட்" இன்னொன்று. "பற்றி" என்பது "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பேச்சில், ஒலியைவிட அழுத்தத்தைக் கவனியுங்கள். தமிழில் அசைகளை ஏறத்தாழச் சமமாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை எழும்பும், மற்றவை அமுங்கும். "ஃபோட்டோகிராஃப்" என்பதில் முதல் அசை எழும்பும். "ஃபொடாக்ரஃபர்" என்பதில் அந்த எழுச்சி இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். இதற்காக வெள்ளைக்காரர் குரலை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுந்து நிற்க வேண்டிய அசை எழுந்து நின்றால் போதும்.


பழைய கரும்பலகை (கோலகங்சார்)
வியாழன், காலை 7.30

தம்பி கிராணி வீட்டுப் பேரன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் 32 ஆண்டு கற்பித்தும் "டு ஸ்கூல்", "டு த ஸ்கூல்" வேறுபாட்டை இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை. ஆனால் என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன்.

மூவெட் என்பது 1999இல் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட தேர்வு. 11 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவரை, பதினெட்டு வயதுப் பிள்ளையோடு ஒரே மேசையில் உட்காரவைத்து அளப்பது எந்த வகையில் நியாயம்? அந்தத் தேர்வில் பாடம் நடத்தத் தெரியுமா என்ற கேள்வியே இல்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளையை எப்படிக் கரையேற்றுவது என்ற கேள்வி இல்லை. அதே நாளில் அறிக்கை, இணையத்தில் விவரப் பதிவு, விளையாட்டுப் போட்டிக்கு மாணவரை அழைத்துப்போவது என்று பத்து வேலையையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு, ஆங்கிலம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது யாருடைய குறை?


சுண்ணாம்பு மலை (ஈப்போ)
வியாழன், மாலை 6.45

ஐயா, உங்கள் கோபத்தில் பாதியை ஏற்கிறேன். (பாருங்கள், பயிற்சி இங்கேயே தொடங்கிவிட்டது.) கற்பிக்கும் திறனை மூவெட் அளக்கவில்லை என்பது சரி, அளப்பதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. மொழியை மட்டும் அளக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பரிசோதனை செய்வது போலத்தான். கண் நன்றாக இருப்பவரெல்லாம் நன்றாக வண்டி ஓட்டிவிடமாட்டார், அதற்காகக் கண்ணைப் பார்க்காமல் விடவும் முடியாது.

மறு பாதியில் உங்களோடு நிற்கிறேன். ஆசிரியரின் மொழி சுருங்கியதற்கு அவருடைய நாள் எப்படிப் போகிறது என்பதும் காரணம். தேர்வை மட்டும் கட்டாயமாக்கிவிட்டு, படிக்க நேரம் கொடுக்காமல் இருப்பது தவறு. ஆனால் இந்த இழையைத் தொடங்கியவருக்கு அடுத்த அமர்வு வரப்போகிறது. நியாயம் கிடைக்கும்வரை அது காத்திருக்காது. கொள்கையைப் பற்றி நாம் தனி இழையில் பேசலாமே.


செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்)
சனி, மாலை 4.00

ஐயா என் பக்கம் நின்று பேசியது மனத்துக்கு இதமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் சுண்ணாம்பு மலை சார் சொல்வதுபோல எனக்கு இப்போது வேண்டியது எழுத்துக்கு ஆறு, பேச்சுக்கு ஏழு.

இன்று காலை எழுத்துத் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதினேன். 75 நிமிடம், மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுத 25, கட்டுரைக்கு 50. மின்னஞ்சல் 100 சொல்லுக்குக் குறையக் கூடாது, கட்டுரை 250க்கு. எழுதி முடித்துவிட்டு, மாணவன் தாளைத் திருத்துவது போலச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். தவறு அதிகம் இல்லை. ஆனால் முதல் பத்தி "நௌவடேய்ஸ்" என்று தொடங்குகிறது. மூன்றாவது பத்தி "லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்". முடிவு "இன் எ நட்ஷெல்". இந்த மூன்றையும் நான் ஐந்தாம் படிவத்துக்கு அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். தேர்ச்சி பெறத் தடுமாறும் பிள்ளைக்கு அவை கைத்தடி. ஊன்றுகோலை மற்றவருக்குக் கொடுத்துக் கொடுத்து, நானே அதை ஊன்றி நடக்கப் பழகிவிட்டேன் என்பது இன்றுதான் தெரிந்தது.

மின்னஞ்சலில் இன்னொரு சங்கடம். தோழி ஒருத்திக்கு எழுத வேண்டிய மறுமொழி அது. நான் எழுதியது பள்ளியிலிருந்து பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கை போலிருந்தது.


கிராணி வீட்டுப் பேரன் (தஞ்சோங் மாலிம்)
சனி, இரவு 8.20

உங்கள் தாளை நீங்களே இப்படித் திருத்த முடிகிறது என்றால் பாதி வேலை முடிந்துவிட்டது.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, வந்த கடிதத்தின் ஓரத்தில் சிறு குறிப்புகள் கொடுத்திருப்பார்கள்; ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் இருக்கிறதா என்பதே முதல் சோதனை. ஒன்றை விட்டால் மொழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இழப்புத்தான். அதற்கடுத்தது, யாருக்கு எழுதுகிறோம் என்பது. தமிழில் அத்தைக்கு ஒரு நடை, தலைமையாசிரியருக்கு ஒரு நடை என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "நீ", "நீங்கள்", "வாங்க", "வருகை தாருங்கள்" என்று நாமே மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் "யூ" ஒன்றே இருப்பதால் எல்லாருக்கும் ஒரே நடை என்று ஏமாந்துபோகிறோம். அங்கே மரியாதை வேறிடத்தில் இருக்கிறது: "கேன் யூ" என்பதற்கும் "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்" என்பதற்கும் நடுவில், "நீ" என்பதற்கும் "தாங்கள்" என்பதற்கும் உள்ள தூரம் உண்டு. அதே கடிதத்தைத் தோழிக்கு ஒரு முறை, கல்லூரிப் பதிவாளருக்கு ஒரு முறை என்று இரண்டாக எழுதிப் பழகுங்கள்.

கட்டுரைக்கு ஒரே கட்டுப்பாடு: அந்த அட்டையில் அச்சடித்த தொடர் எதையும் எழுதுவதில்லை என்று இரண்டு வாரத்துக்குச் சபதம் எடுங்கள். "நௌவடேய்ஸ்" இல்லாமல் தொடங்க வேண்டுமென்றால் உங்களுக்கு உண்மையான முதல் வாக்கியம் ஒன்று தேவைப்படும். முதல் மூன்று நாள் கை நடுங்கும். பிறகு வரும்.


மூன்றாம் டிவிஷன் (சுங்கை சிப்புட்)
சனி, இரவு 9.15

அக்கா, எழுத்தைத் தனியாகப் பழகலாம். பேச்சைத் தனியாகப் பழக முடியாதே. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நானும் நீங்களும் சந்திக்கலாமா? ஈப்போவுக்கு ரயிலில் போய்வந்தால் நாளே போய்விடுகிறது. நம் கோயில் மண்டபத்தில் நான்கு மணிக்கு யாரும் இருப்பதில்லை. பூசாரியிடம் நான் கேட்டுவிட்டேன், மின்விசிறி போட்டுக்கொள்ளலாம் என்றார். இரண்டு பேர் போதாது, குறைந்தது மூன்று பேராவது வேண்டும்.


சுண்ணாம்பு மலை (ஈப்போ)
சனி, இரவு 9.50

மூன்றாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும். தேர்வறையில் "குட் மார்னிங், டீச்சர்" என்ற அந்தப் பையனும் மறுபடி எழுதுகிறானா என்று கேட்டுப் பாருங்கள்.


செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, இரவு 8.30

சார், நேற்று உங்கள் வரியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு அவன் அம்மாவுக்கு அழைத்தேன். தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர்தான். அவனுக்கு 3.5 கிடைத்திருக்கிறது, 4 வேண்டுமாம். இன்று நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் வகுப்பில் நிற்பது போலவே நின்றான். உட்காரச் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டேன்: ஐந்து மணிவரை "டீச்சர்" என்று கூப்பிடக் கூடாது. அவனும் ஒரு நிபந்தனை போட்டான்: நான் "குட்" என்று சொல்லும்போதெல்லாம் அவன் ஒரு விரலை மடக்குவான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பிறகு அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு முதலில் தேவைப்பட்டது வீடா, வேலையா, பிள்ளைகளின் படிப்பா என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம். தேர்வில் அப்படியே வராது. ஆனால் மூன்று பேரிடமும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. அவன் வீடு என்றான். மூன்றாம் டிவிஷன் தங்கை, "படிப்பு" என்றார். நான் வழக்கம்போல, "வொய் டு யூ ஸே ஸோ?" என்று அவனிடம் கேட்டேன். பதில் சொல்லிவிட்டு அவன் நிறுத்தவில்லை. "நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே" என்று ஆங்கிலத்திலேயே சொன்னான். அந்த வாக்கியத்தில் காலம் பிழையாக இருந்தது. திருத்த வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். பிறகு, வேலைதான் என்று சொல்லி, வெட்டுக்கத்தியைத் தவிர வேறு கருவியைக் கையில் பிடித்தறியாத என் அம்மா, ஐம்பதாவது வயதில் ஈப்போவில் தொழிற்சாலைத் தரையைக் கூட்டப் போனதைச் சொன்னேன். "ஆல்தோ" இரண்டு முறை வந்தது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்குத் தெரியவில்லை. தங்கை கைப்பேசியைக் காட்டினார், இரண்டு நிமிடம் பத்து விநாடி.

மடங்கிய விரல்கள் ஆறு. அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு மறுபடியும் கூடுகிறோம். நான்காவது நாற்காலி காலியாக இருக்கிறது. கோலகங்சாரிலிருந்து பேருந்தில் வருவது ஐயாவுக்குச் சிரமமில்லை என்றால், விவாதிக்க ஓர் ஆள் வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவர அவன் வண்டி கொண்டுவருவான்.